பாக்குத்தட்டுப் பாக்கி

காரமடையிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் ஒரு தகரக் கொட்டகை வரும். அதற்குள் நான்கு மெஷின்கள். ஊறவைத்த பாக்கு மட்டையைச் சூட்டோடு அழுத்தித் தட்டாக்குபவை. அவற்றுக்கு முதலாளி மதிவதனி. முதலாளி என்று யாராவது சொன்னால் அவளுக்கே சிரிப்பு வரும். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் களையெடுத்துப் பிழைத்தவர்கள். மகளிர் குழுக் கடனில் ஒரு மெஷின் வாங்கி, அதை நான்காக்கியது அவளுடைய உழைப்பு. கணவன் அன்புமணி குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறான். சரக்கைக் கொண்டுபோய் இறக்குவது அவன் பொறுப்பு.

தட்டு செய்வது அவளுக்கு என்றைக்கும் கஷ்டமாக இருந்ததில்லை. கொடுத்த தட்டுக்குப் பணம் வாங்குவதுதான் கஷ்டம்.

கோயம்புத்தூரில் கேட்டரிங் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் மோகன்குமார்தான் அவளிடம் அதிகம் எடுக்கிறவர். ஆரம்பத்தில் வண்டி திரும்புவதற்குள் பணம் வந்துவிடும். அப்புறம் பாதி வந்தது. அப்புறம் "அடுத்த லோடோட சேத்துக்கலாமுங்க" என்று பேச்சு மட்டும் வந்தது. போன தை மாதம் பாக்கி மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. மட்டைக்காரர்களோ கையில் காசு வைத்தால்தான் மட்டையை இறக்குவார்கள்.

ஒரு நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு அவருடைய கடைக்குப் போனாள்.

"வாங்க அம்மணி, வெயில்ல வந்திருக்கீங்க. அந்த ஃபேனுக்கு நேரா உக்காருங்க" என்றார் மோகன்குமார்.

"பாக்கி விஷயமா வந்தனுங்க."

"தெரியுமுங்க. ஹோட்டல்காரங்க எனக்குக் குடுக்கோணும், நான் உங்களுக்குக் குடுக்கோணும். உங்க காசு எங்கீங்க போயிரும்? மொதல்ல காபி சாப்பிடுங்க."

காபி வந்தது. அவருக்கு டம்ளரில், அவளுக்குப் பேப்பர் கப்பில். கடைக்கு வருகிற எல்லாருக்கும் பேப்பர் கப்தானா என்று அவள் கவனிக்கவில்லை. கவனிக்கப் பிடிக்கவும் இல்லை.

அவர் ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. எரிந்து விழுந்திருந்தால் பதிலுக்கு அவளும் இரண்டு வார்த்தை கேட்டிருப்பாள். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசுகிறவரிடம் எப்படிக் குரலை உயர்த்துவது? அவரைப் போன்றவர்களின் வாசலில் அப்பா தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றதை அவள் பார்த்து வளர்ந்தவள். தான் அப்படி நிற்கவில்லை, நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டாள். ஆனாலும் பாக்கியைப் பற்றி மறுபடி கேட்காமல் காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டாள்.

பங்குனியில் அவரே கொட்டகைக்குக் காரில் வந்தார். மகள் வர்ஷினிக்குக் கல்யாணம் கூடியிருந்தது. கையில் பத்திரிகை, தாம்பாளத்தில் பழம்.

"பந்திக்கு எலைதானுங்க. வரவேற்புக்குப் பஃபே வெச்சிருக்கறோம். அதுக்குத் தட்டு பூராவும் உங்களுதுதான் வேணுமுங்க. நல்ல கனமா, பெரிய சைஸா. கல்யாணம் முடியட்டும், பழசு புதுசு எல்லாம் ஒண்ணாக் குடுத்துபோடறனுங்க."

மதிவதனி அன்புமணியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

கார் போன பிறகு அவன் சொன்னான்: "முடியாதுன்னு சொல்லீருக்கலாமல்ல புள்ள?"

"சொன்னா பழசு வருமுங்களா?"

மறுநாளே காதுத் தோட்டை அடகு வைத்து மட்டை வாங்கினாள். கொட்டகையில் வேலை செய்யும் ஜன்னத்தும் மற்றப் பெண்களும் கூடுதல் நேரம் நின்று வேலை செய்தார்கள். ஒரு தட்டில்கூடப் பூஞ்சைக் கறை இல்லாமல் பொறுக்கி அடுக்கி அனுப்பினாள்.

வரவேற்புக்குக் கணவனும் மனைவியும் போனார்கள். போகாவிட்டால் மனதில் வைத்துக்கொள்வாரோ என்ற பயம். மண்டபம் முழுக்கப் பூவும் விளக்கும். எங்கே திரும்பினாலும் யாராவது ஒருவர் அவளுடைய தட்டை ஏந்திக்கொண்டு நின்றார். ஒரு பெண் தட்டைத் திருப்பிப் பார்த்து, "நல்லா கெட்டியா இருக்குது, எங்க வாங்கீருப்பாங்க?" என்று பக்கத்தில் கேட்டாள். மதிவதனிக்கு அந்த நேரத்தில் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பரிசோடு போகவில்லை என்பதால் மொய் வைக்காமல் வரமுடியாது. மொய் மேஜைக்கு முன் வரிசை நின்றது. அன்புமணி சட்டைப்பையில் இருந்ததை எடுத்தான். ஆயிரத்து ஒன்று.

"பேரு, ஊரு சொல்லுங்க" என்றார் எழுதுகிறவர்.

"அன்புமணி, மதிவதனி. காரமடை."

அவர் மைக்கில் சத்தமாக வாசித்தார். ரசீது போலக் கம்ப்யூட்டரில் ஒரு சீட்டு அடித்துக் கொடுத்தார். அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு மதிவதனி மண்டபத்தின் படியில் நின்றாள். அவள் கொடுத்த காசுக்கு உடனே கணக்கு எழுதியாகிவிட்டது. வாய்விட்டு அழவேண்டும் போலிருந்தது. அவ்வளவு கூட்டத்தில் எங்கே போய் அழுவது?

கல்யாணம் முடிந்தது. மறு அழைப்பு முடியட்டும் என்றார். ஆடி கழியட்டும் என்றார். அப்புறம் போனை எடுப்பது குறைந்தது. எடுத்தால் அதே மரியாதை: "நானே கூப்பிடறனுங்க அம்மணி, நீங்க எதுக்கு செரமப்படறீங்க."

சிறு தொழில் செய்கிறவர்களுக்குப் பாக்கி வசூலித்துத் தர அரசாங்கத்தில் ஒரு வழி இருக்கிறது என்று குழுவில் யாரோ சொன்னார்கள். பில்களை ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, விவரம் தெரிந்த ஒரு கணக்காளரிடம் போனாள். நேஹா என்று ஒரு சின்ன வயதுப் பெண். பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்தாள்.

"அக்கா, உங்க தொழில எப்பப் பதிவு பண்ணுனீங்க?"

"போன சித்திரைலதானுங்க."

"இந்த பில்லெல்லாம் அதுக்கு முன்னாடிக்கா. அப்ப நீங்க பதிவுலயே இல்லை. கல்யாணத்துக்குக் குடுத்ததுகூடப் பங்குனிலயே போயிருச்சு. இந்த வழில கேக்கறது கஷ்டம். வேணும்னா கோர்ட்டுக்குப் போகலாம், செலவாகும், வருஷக்கணக்காகும்."

"அப்ப இதெல்லாம் பொய்யிங்களா?" என்று பில்களைக் காட்டிக் கேட்டாள் மதிவதனி.

"பொய்யில்லக்கா" என்றாள் நேஹா. பில்களை அடுக்கி மஞ்சப்பையில் திருப்பிப் போட்டாள். பார்த்ததற்குக் காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

தீபாவளிக்குப் பெண்களுக்குச் சம்பளப் பாக்கி கொடுத்தாக வேண்டும். ஜன்னத் வாய் திறந்து கேட்கவே இல்லை. கேட்காமல் இருந்ததுதான் மதிவதனியைக் குடைந்தது. தனக்கு அவர் செய்ததையே தான் இந்தப் பெண்களுக்குச் செய்துகொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. இரண்டு மெஷின்களை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தாள்.

வாங்க வந்தவர் அன்னூர்ப் பக்கம் புதிதாகத் தட்டுத் தொழில் தொடங்கியிருந்த அப்துல் வஹீது. நல்ல மனிதர். பேரம் பேசாமல் முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தார். அன்றைக்கே ஜன்னத்துக்கும் மற்றவர்களுக்கும் கொடுத்து முடித்தாள்.

ஆட்கள் மெஷினைக் கயிறு கட்டி வண்டியில் ஏற்றும்போது, பேச்சுவாக்கில் கேட்டாள்.

"சரக்கு யாருக்குங்க போடறீங்க?"

"கோயம்புத்தூர்ல மோகன்குமார்னு ஒருத்தருங்கக்கா. மொத்தமா எடுத்துக்கறாரு. நொம்பத் தங்கமான மனுஷன். மொத லோடுக்கு அன்னிக்கே பணம் போட்டுவிட்டுட்டாருங்க."

"அவருகிட்ட கடன் வெக்காதீங்க" என்றாள் மதிவதனி. "எனக்கு மூணு லச்சத்துக்கு மேல தரோணுமுங்க. இன்னும் வரல."

அப்துல் வஹீது அவளைப் பார்த்தார். பிறகு இரண்டு மெஷின்கள் போய் வெறிச்சோடிக் கிடந்த கொட்டகையைப் பார்த்தார். அவர் முகத்தில் இரக்கம் தெரிந்தது, நம்பிக்கை தெரியவில்லை. தொழில் கைவிட்டுப் போகிற வருத்தத்தில் பேசுகிறாள் என்று நினைத்திருக்கலாம்.

"செரிங்கக்கா, பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

வண்டி மெயின் ரோட்டைப் பார்த்துத் திரும்பியது. இன்னொரு தடவை சொல்லலாமா என்று மதிவதனி இரண்டடி பின்னால் நடந்தாள். எதைச் சொன்னால் அவர் நம்புவார் என்று அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே மட்டை ஊறிக்கொண்டிருந்தது. அதிகம் ஊறினால் கறுத்துப்போகும். திரும்பி வந்து வேலையைப் பார்த்தாள்.