குஞ்சம்மாள் பாராசூட் விலை கேட்டது

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பதினெட்டு வருஷமாகிறது. ஆதார் திருத்தம், பட்டா நகல், பென்ஷன் மனு எல்லாம் இங்கேதான். கோபக்காரி கமலா என்றால் ஆட்டோக்காரனும் வழி சொல்வான். பின்னே? நாலு நகல் எடுத்துக்கொண்டு அசலை மெஷினுக்குள்ளேயே விட்டுவிட்டுப் போய், மறுநாள் வந்து "எங்க ஒளிச்சு வெச்சிருக்க?" என்று கேட்டால் கோபம் வராமல் கொஞ்சலா வரும்? அப்படிப்பட்ட நானே வாயடைத்துப் போனது ஒருத்தியிடம்தான். அவள் குஞ்சம்மாள்.

வெள்ளிமலைக்குக் கீழே ஒரு சின்ன ஊர் அவளுக்கு. சொந்தமாகக் கையகல நிலம் கிடையாது. மரவள்ளி பிடுங்க, சோளம் ஒடிக்க, களை எடுக்க என்று கூப்பிட்ட காட்டுக்குக் கூலிக்குப் போவாள். ஐம்பது வயதிருக்கும். ஒரே மகன் மாயவன். அவனை ராணுவத்துக்கு விண்ணப்பம் போட்டு அனுப்பியதே நான்தான். படத்தில் காது தெரியவில்லை என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினேன். மூன்று தடவையும் முகம் சுளிக்காமல் போய் எடுத்துவந்தான். நல்ல பிள்ளை.

போன வருஷம், கார்த்திகை பிறந்த முதல் வாரம். நான் ஷட்டரைத் தூக்கும்போதே குஞ்சம்மாள் படியில் உட்கார்ந்திருந்தாள். மலையடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள்.

"கமலா, பாராசூட்டு ஒண்ணு இன்னா வெல?"

"ஏன்க்கா, ஆட்டுக்கொட்டாய்க்கு மேல கட்டப் போறியா?"

அவள் சிரிக்கவில்லை. "மாயவனுக்கும்மா. ஏரோப்ளேன்லேர்ந்து குதிக்கப் போறானாம். வர்ற வியாழக்கெழம. எனக்குத் தூக்கமே இல்ல."

எனக்கும் திக்கென்றது. ராணுவம் என்றால் எல்லையில் நிற்பான், லீவில் பெட்டியோடு வருவான் என்றுதான் நினைத்திருந்தேன். குதிக்கிற படையில் சேர்வான் என்று யார் கண்டார்கள்? இருந்தாலும் தைரியம் சொல்ல வேண்டுமே.

"அதெல்லாம் நீ வாங்க வேணாம்க்கா. கவர்மென்ட்டே குடுக்கும். சும்மாவே."

அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கவே கூடாது. "சும்மாவா?" என்று கேட்டவளின் முகம் செத்துப்போய்விட்டது.

"சும்மா குடுத்ததுல எது நெலச்சுது, நீயே சொல்லு. சும்மா குடுக்கற மாட்டுக்குப் பல்லப் பாக்கக் கூடாதுன்னுவாங்க. மாட்டுக்குச் சரி. எம் புள்ள தொங்கப் போறானே அதுல!"

அவள் சொன்னதில் பொய் இல்லை. உரக் கம்பெனிக்காரன் ஒருவன் சந்தையில் ஆளுக்கொரு குடை கொடுத்தான். வெள்ளிமலைக் காற்றுக்கு முதல் நாளே அது மேல்பக்கமாக மடங்கிக்கொண்டது. மாயவன் ஆறாம் வகுப்பு போன அன்று, சும்மா வந்த பையின் வார் பாதி வழியில் அறுந்து, புத்தகமெல்லாம் ஓடைக்குள் விழுந்தது. பிள்ளை நனைந்த புத்தகத்தோடு அழுதுகொண்டே வந்து நின்றானாம். அதையெல்லாம் கூட மறந்துவிடலாம். அவள் புருஷன் முனியன் சங்கதியை எப்படி மறப்பது?

முனியன் கிணறு வெட்டப் போகிறவர். ஒரு நிலக்காரர், "கயிறு நானே குடுக்கறேன், புதுசு, நீங்க ஒண்ணும் கொண்டாற வேணாம்" என்றார். அதை நம்பி இறங்கினார். சாயந்திரம் மண்தொட்டியில் நின்று மேலே வரும்போது நாற்பதடியில் கயிறு அறுந்தது. பிணத்தைத் தூக்கிப் போன பிறகு குஞ்சம்மாள் அந்தக் கயிற்றை எடுத்துப் பிரித்துப் பார்த்தாளாம். மேலே பளபளவென்று இருந்தது, உள்ளே இருந்த புரி மட்கிப்போய்த் தூளாக உதிர்ந்தது. அன்றிலிருந்து எதை வாங்கினாலும் இழுத்துப் பார்ப்பாள், திருப்பித் தையலைப் பார்ப்பாள். துணிக்கடைக்காரர்கள் அவளைக் கண்டால் எழுந்து நிற்பார்கள், மரியாதைக்கு இல்லை, துணியைக் காப்பாற்றிக்கொள்ள.

இதற்கு மேல் நான் என்ன பேசுவது? கம்ப்யூட்டரைப் போட்டுத் தேடினேன். புதுப் பாராசூட், முதுகில் மாட்டுகிற பை, வார், ஆபத்துக்கு இன்னொரு பாராசூட், உயரம் காட்டுகிற கடிகாரம் எல்லாம் சேர்த்து ஆறு லட்சம், ஏழு லட்சம் என்று ஓடியது. நான் சொல்லச் சொல்ல அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"அது அவன் சொல்ற வெல. நாம கேக்கற வெலன்னு ஒண்ணு இருக்கில்ல? போன் போடு."

சென்னையில் ஒருவர் நம்பர் கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, பொழுதுபோக்குக்குக் குதிக்கிற பணக்காரர்களுக்கு விற்கிறவர். பெயர் நாராயணசாமி. ஸ்பீக்கரில் போட்டேன். ஆறு லட்சத்து நாற்பதாயிரம் என்றார்.

"ஏன் தம்பி, அவ்ளோ சொல்றியே, துணி இன்னா துணி? தையல் ஒத்தையா ரெட்டையா?"

அந்த மனிதர் அசந்துபோயிருக்க வேண்டும். "நாலு வரிசைத் தையல்மா," என்றார்.

"கலரு விக்காம கெடக்கறது எதுனா இருந்தா குடு. மேலதான விரியப் போவுது, கலர யாரு பாக்கறா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அரைமணி நேரம் பேசினாள், கேளுங்கள், அரைமணி நேரம்! யாரோ சொல்லிவைத்துவிட்டு வாங்காமல் போன ஊதாக் கலர் ஒன்று, பெட்டி பிரிக்காதது, அவரிடம் இருந்தது. ஐந்து, நாலரை, நாலு என்று இறங்கி, கடைசியில் மூன்றரை லட்சத்தில் வந்து நின்றது. கம்ப்யூட்டரில் அந்த விலைக்குப் பழையதுகூட இல்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு பேரம் நான் பார்த்ததில்லை.

"ரெண்டு ஆடு இருக்குது. குழுவுல கடன் கேக்கறேன். மிச்சத்த மாசாமாசம் கட்டறேன் தம்பி. பொருள மட்டும் வியாழக்கெழமைக்குள்ள அனுப்பிடு."

"சரிம்மா. உங்க பையன் இதுவரைக்கும் எத்தனை தடவை குதிச்சிருக்காரு?"

"இதான் மொதல் தடவ. மிலிட்டரில."

 அவர் மெதுவாகச் சொன்னார். முதல் தடவை குதிக்கிறவர்களுக்கு இதை விற்க மாட்டாராம். ராணுவத்தில் அவர்கள் கொடுப்பதைத்தான் கட்ட வேண்டுமாம். சொந்தமாகக் கொண்டுபோனால் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்களாம். "பயப்படாதீங்கம்மா. ஒண்ணு விரியலன்னா உடனே இழுத்துக்க, முன்னாடி இன்னொண்ணு கட்டியிருப்பாங்க."

"ரெண்டு கட்றாங்களா? அப்ப மொதலாவது விரியாதுன்னு அவங்களுக்கே தெரியுது!"

நாராயணசாமி திணறினார். "இல்லம்மா, அது ஒரு பாதுகாப்புக்கு. அதை மடிக்கறதுக்குன்னே பழகின ஆளுங்க இருக்காங்க. மடிச்சவர் பொறுப்பா கையெழுத்து போட்டுத்தான் குடுப்பார்."

"கையெழுத்தா? எம் வூட்டுக்காரரு செத்தப்பகூட நாலு பேரு கையெழுத்து போட்டாங்க தம்பி." அதோடு விடாமல் கேட்டாள்: "அந்த மடிக்கிற ஆளு சாப்புட்டானா இல்லையான்னு யாரு பாப்பாங்க? பசியில முடிச்சு போட்டா கை நிக்காது. எனக்குத் தெரியும், நான் காட்டுல சோளக் கட்டு கட்றவ."

போனை நானே வைத்தேன்.  அவள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். ஐந்து ரூபாய்க்கு நகல் எடுக்கிறவனிடமே காசு விடாத நான், அன்று அவள் நீட்டியதை வாங்கவில்லை. பஸ் ஏற்றிவிட்டு வந்து, மத்தியானம் வரை வந்தவர் போனவர் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். அந்த விண்ணப்பத்தில் சமர்ப்பி பொத்தானை அழுத்தியது என் விரல்தானே.

வியாழக்கிழமையும் முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். அவள் ஊரில் சிக்னல் சரியாகக் கிடைக்காது. அதனால் குதித்து முடித்ததும் என் கடை நம்பருக்குப் பேசும்படி மாயவனிடம் சொல்லியிருந்தாள். மெஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தவள் டீ குடிக்கவில்லை, மூத்திரம் பெய்யக்கூடப் போகவில்லை. வெளியே காற்று அடித்து ஒரு பிளாஸ்டிக் பை உருண்டால்கூட எழுந்து எட்டிப் பார்த்தாள்.

"அங்க காத்து எப்பிடி இருக்கும் கமலா?"

"எனக்கு இன்னாக்கா தெரியும்!" என்று கத்திவிட்டேன். பாவி வாய். கத்தியதும் எனக்கே அழுகை வந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். யாருக்கு யார் ஆறுதல் சொல்கிறோம் என்றே தெரியாமல் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

பத்து, பன்னிரண்டு, இரண்டு. எப்போது போன் மணி அடித்தாலும் பட்டா கேட்கிறவன்தான். நாலே காலுக்கு மாயவன் பேசினான்.

"எம்மா, குதிச்சிட்டேன்!"

குஞ்சம்மாள் போனைப் பறித்துக்கொண்டாள். "கை காலு?" என்றாள்.

"எல்லாம் இருக்குதும்மா. மேலேர்ந்து பாத்தா நம்ம மல மாதிரியே இருந்துச்சு."

குஞ்சம்மாள் கைகொட்டிச் சிரித்தாள், மூக்கைச் சிந்தினாள், கடையில் நின்ற நாலு பேருக்கும் டீ சொன்னாள். அவள் காசில்! நான் மறுபடி அழுதேன், எனக்கு வேறென்ன வேலை.

"சரிம்மா, வெச்சிடறேன். லைன்ல ஆளுங்க நிக்கறாங்க. அஞ்சு தடவ குதிச்சாதான் பேட்ஜு குடுப்பாங்க. இன்னும் நாலு இருக்குது. அதுல ஒண்ணு ராத்திரில."

போன் கட்டாகிவிட்டது. டீ வந்தது. அவள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஆறுகிற வரை அதையே பார்த்தாள். அப்புறம் அதைக் குடிக்காமல் மேஜைமேல் வைத்தாள்.

"கமலா, அந்த நாராயணசாமிக்குத் திரும்பப் போடு."

அவர்தான் விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாரே அக்கா என்று நாக்கு நுனி வரை வந்தது. கடிந்துகொள்ளத்தான் எனக்குத் தெரியுமே. ஆனாலும் நம்பரைப் போட்டு ஸ்பீக்கரைத் திருப்பி வைத்தேன்.

எடுத்ததும் அவரே கேட்டார், "அம்மா, பையன் நல்லபடியா எறங்கிட்டாரா?"

"எறங்கிட்டான் சாமி, நீ நல்லா இரு," என்றாள் குஞ்சம்மாள். "அந்த ஊதாக் கலரு இருக்குதில்ல? மூணே காலுன்னு போட்டுக் குடு. இன்னும் நாலு தடவ இருக்குது."