பதினாலாவது பக்கம்

சத்தியமாக நடந்தது. அதுவும் ராத்திரியில் இல்லை. பட்டப்பகலில், கண்டிக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் விடுதிப் பிரிவு ஒஃபீஸில். பேய் இருட்டில்தான் வரும் என்று யார் சொன்னது?

கடதாசி ஃபைல்களை எல்லாம் ஸ்கேன் செய்து கொம்பியூட்டரில் ஏற்ற வேண்டும். பிறகு கடதாசியை அழிப்பதற்கு லொறி வந்து அள்ளிப்போகும். அன்றைக்குக் கடைசி நாள். கிளார்க் ஸுலைஹாவின் மேசையில் ஒரே ஒரு ஃபைல் மிஞ்சியிருந்தது. இப்திகாரின் ஃபைல். அவளுடைய ஒரே மகன்.

வாப்பா இல்லாத பிள்ளை. போன வருஷம் விடுதி அறை கேட்டு விண்ணப்பம் போட்டான். தெல்தெனிய வீட்டிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வந்துபோவது லேசா என்ன?

"உம்மா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"கிளார்க்கட மகனுக்கு முதல்ல ரூமான்னு கேப்பாங்க. நீயும் வரிசையில நில்லு."

ஜூன் பத்தொன்பதாம் திகதி காலை, முகம் கொடுத்துப் பேசாமல் மழையில் போனான். வழியில் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. ஜனாஸாவாக, உயிரற்ற உடலாகத்தான் வீடு வந்தான். கோபத்தோடு போய்விட்டானா? அந்தக் கேள்வி அவளை அரித்துத் தின்றது. அவனுடைய ஃபைலை மேசை லாச்சியின் அடியில் போட்டவள், பிறகு அதைத் திறக்கவே இல்லை. பாவம், எந்தத் தாய்க்குத்தான் மனம் வரும்?

பிற்பகல் 3.05. தாள்களைக் கோத்திருந்த ஊசியைக் கழற்றினாள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சில் இலக்கம், அவள் கையால் போட்டது. கடைசித் தாள் 13.

டர்... டர்... ஸ்கேனர் விழுங்கியது. திரையில் 14 பக்கம்.

தாள்களை எண்ணினாள். பதின்மூன்று.

3.11. டர்... டர்... மறுபடியும் 14.

"நுஸ்கி, மெஷின் பிழையா?"

"இல்ல தாத்தா, காலையில இருந்து ஒழுங்காத்தானே ஓடுது. கெதியா முடிங்க, நாலு மணிக்கு லொறி" என்றான் ஸ்கேனருக்குப் பொறுப்பான நுஸ்கி. அக்காவை அவர்கள் 'தாத்தா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

3.16. திரையில் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள்.

இப்திகாரின் கையெழுத்து.

'அறைக்கான விண்ணப்பத்தை வாபஸ் பெறுகிறேன். உம்மா வீட்டில் தனியே இருக்கிறா. நான் வீட்டுக்கே வருகிறேன். கேட்டைப் பூட்ட வேண்டாம் என்று அவவிடம் சொல்லவும்.'

கீழே, கடிதம் கிடைத்ததற்கான முத்திரை. பக்கத்தில் அவளுடைய கையொப்பம்.

"யா அல்லாஹ்... என்ட மகனுக்கு கோபமில்ல..."

ஒரு வருஷத்து அழுகையை அங்கேயே அழுது தீர்த்தாள். அந்தத் தாளை மட்டும் எங்கே தேடியும் காணவில்லை. நாலு மணிக்கு லொறி வந்தது. மற்றப் பதின்மூன்றும் போயின.

மறுநாள் காலை 9.20. நுஸ்கி முத்திரையைப் பார்த்துத் திகதிகளைப் பதிந்துகொண்டிருந்தான். பதினாலாவது பக்கம், ஜூன் 21. கொம்பியூட்டர் அந்தத் திகதியை ஏற்கவில்லை.

"தாத்தா... அண்டைக்கு பொசொன் போயா, பௌர்ணமி லீவு. ஒஃபீஸ் பூட்டு."

ஸுலைஹா விரல்விட்டு நாளை எண்ணிப் பார்த்தாள். அன்று வீட்டில் மகனுக்காக மூன்றாம் நாள் கத்தம் ஓதினார்கள். முத்திரை ஒஃபீஸ் அலுமாரிக்குள். சாவி அவளுடைய கைப்பைக்குள்.

மாலை 6.10, இப்திகார் வீடு வரும் நேரம். அவன் போன நாளிலிருந்து, தினமும் அந்த நேரத்துக்குக் கேட்டின் கொழுக்கி ஆடும்.

டக்... டக்...

காற்று என்றுதான் இத்தனை நாளும் நினைத்தாள்.

எழுந்து போவாள். கேட் பூட்டித்தான் இருக்கிறதா என்று பூட்டை இழுத்துப் பார்ப்பாள்.

உள்ளே வந்துவிடுவாள்.