உயிரோடு இருப்பவளுக்குப் படையல்

இது நடந்தது. உத்தமன் கதை கட்டுகிற பரம்பரையில் வந்தவர் அல்ல. ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை வேலை. முப்பத்தோரு வருடத்தில் ஒருநாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. ஓய்வு பெற்றுத் திருமுல்லைவாயிலில் தலை நிமிர்ந்து வாழ்ந்தவர்.

அந்தத் தலையை ஒரே மகள் எழிலரசி குனிய வைத்தாள். புருஷன் அடித்துக் கடைவாய்ப் பல் உடைந்துவிட்டது என்று வந்து நின்றாள். "குடும்பம்னா அப்படித்தான். திரும்பிப் போ" என்றார். அவள் போகவில்லை. இடுப்புவரை தொங்கிய கூந்தலைக் கழுத்தோடு வெட்டினாள். வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை, தனி வீடு. சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். உத்தமனுக்கு ரத்தம் கொதித்தது. மகள் செத்துவிட்டாள் என்று தலைமுழுகினார். அவள் கல்யாணத்துக்கு முன் எடுத்த படத்துக்கு மாலை போட்டார். அமாவாசைதோறும் படையல்.

"உசுரோட இருக்கறவளுக்கா? என் கையால போட மாட்டேன்" என்றாள் மனைவி வனஜா. அவரே போட்டார்.

மூன்றாவது அமாவாசை. வனஜா கோயிலுக்குப் போய்விட்டாள். காலை 7.10. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத வயிற்றிலிருந்து ஓர் ஏப்பம் வந்தது. வாழைக்காய் வறுவல் வாசனை. அதன்பிறகு பசியே இல்லை.

பகல் 12.20. இலை போட்டுச் சூடம் காட்டினார். செத்தவர் வந்து சாப்பிட, அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றார்.

12.24.

தப்... தப்... தப்...

ஈரக் கூந்தலைத் துண்டால் தட்டும் சத்தம். எழிலரசி தலைகுளித்தால் அப்படித்தான் தட்டுவாள். ஆனால் அவளுக்குத்தான் கூந்தலே இல்லையே...

ஆத்திரத்தோடு கதவை உதைத்தார்.

முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். இடுப்புவரை கூந்தல். தரையெல்லாம் ஈரம். இலையில் பாதிச் சோறு இல்லை.

"எவ்ளோ திமிர் இருந்தா இங்க வருவ? வெளிய போடி!"

அவள் திரும்பவில்லை.

"எங்கப்பா போறது? நீங்கதானே என்னை இங்க மாட்டி வெச்சீங்க..."

சுவரைப் பார்த்தார்.

மாலை இருந்தது.

படத்தில் யாரும் இல்லை.

தப்...

மறுநாள் காலை 10.05. உத்தமன் வேலப்பன்சாவடி அலுவலகத்தில் நின்றார். கழுத்தளவு முடி, சிரித்த முகம். அவர் மகள்தான்.

"நேத்து என் வீட்டுக்கு எதுக்குடி வந்த?"

அவள் நிமிர்ந்தாள். "யாரு சார் நீங்க?"

"அப்பனையே கேக்கறியா?"

பக்கத்து இருக்கை ஷர்மிளா எழுந்தாள். "இன்னா பெரிசு, வந்ததும் வராததுமா சவுண்டு? நேத்து பூரா இது இங்கதான் இருந்துச்சு. இதோட அப்பா செத்து மூணு மாசமாவுது."

உத்தமன் மகளின் கண்களைத் தேடினார். கோபம் இல்லை. பொய்யும் இல்லை. யாரோ முன்பின் தெரியாதவரைப் பார்க்கும் பார்வை.

"ஆமா சார். அமாவாசைக்கு அமாவாசை நான்தான் படைக்கிறேன். ஆபீஸ் வரணும்னு நேத்து காலைல ஏழு மணிக்கே இலை போட்டுட்டேன். அவருக்குப் பிடிச்ச வாழைக்காய் வறுவல் வெச்சு..."