ரேகை படியாத விரல்கள்

மேகலா என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல எங்க ஓட்டை இருக்குன்னு பாத்து எழுதுவா" என்பார் அவளுடைய தாய் அமிர்தவள்ளி. ஏறக்குறைய சரியான விளக்கம்தான். கணினிகளிலும் கேமராக்களிலும் வருகைப் பதிவு இயந்திரங்களிலும் என்ன தவறு நேரலாம், நேர்ந்தால் எவ்வளவு கெடும் என்று கணித்து, கடுமை, நடுத்தரம், குறைவு என்று தரம் பிரிப்பாள். வேலூரில் பொறியியல் படித்தவள். சென்னையில் ஒரு வங்கியில் நான்கு வருடம் இதே வேலையைச் செய்துவிட்டு, ஆம்பூரிலேயே ஒரு தோல் நிறுவனத்தில் இடம் கிடைத்ததும் வீட்டுக்குத் திரும்பினாள்.

அந்த நிறுவனத்தின் தோல் பதனிடும் பிரிவில் அவள் தந்தை காசிநாதன் இருபத்தாறு வருடமாகச் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்துவந்தார். இதை அவள் சேர்ந்த அன்றே எழுத்தில் தெரிவித்திருந்தாள்.

சுண்ணாம்பிலும் மயிர் நீக்கும் மருந்திலும் வருடக்கணக்கில் புழங்கிய விரல்கள் வழவழவென்று ஆகிவிடும். கையுறை தருகிறார்கள். ஈரத்தோல் வழுக்குகிறது என்று அதைக் கழற்றிவிடுவார்கள். வாசலில் கைரேகை இயந்திரம் வைத்தபோது அந்தப் பிரிவில் பதினான்கு பேருக்கு ரேகை படியவில்லை. விரலைத் தலைமுடியில் தேய்த்து, எண்ணெய்ப் பசையோடு வைத்துப் பார்ப்பார்கள். சில நாள் எடுக்கும், பல நாள் எடுக்காது.

"நான் திருடப் போனா போலீஸ்காரன்தான் பேஜாராவான்" என்பார் காசிநாதன்.

எடுக்காத நாட்களில் மேற்பார்வையாளர் ஹஸன் ஒரு ரகசிய எண்ணை அழுத்தி அவர்களை உள்ளே விடுவார். அவருக்கு மட்டும் தெரிய வேண்டிய எண் அது. ஒரு வருடத்துக்குள் டீ கொண்டுவருபவருக்கும் தெரிந்துவிட்டது.

சென்ற வருடம், ஷூ வாங்கும் வெளிநாட்டு நிறுவனம் சோதனைக்கு ஆள் அனுப்பப்போவதாகத் தெரிவித்தது. மேகலா அதற்கு முன்பாக எல்லா இயந்திரங்களையும் பார்த்துவந்தாள். வேலைக்கே வராதவர்களின் பெயரிலும் அந்த எண்ணால் வருகை பதிவாகியிருந்தது. கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த ஒருவர் வாரம் முழுவதும் வேலை செய்ததாக இருந்தது. கடுமை என்று தரம் போடுவதைத் தவிர அவளுக்கு வழியில்லை. கடுமை என்றால் ஒரு மாதத்துக்குள் அடைக்க வேண்டும். முடியாவிட்டால், தெரிந்தே ஏற்கிறோம் என்று பொறுப்பான அதிகாரி ஒருவர் கையெழுத்திட வேண்டும்.

அறிக்கையை அனுப்புவதற்கு முன் வீட்டில் சொன்னாள்.

"அந்த நம்பரை மூடிட்டா நான் எப்படிம்மா உள்ள போறது?" என்றார் காசிநாதன்.

"உங்களுக்கெல்லாம் ரேகைக்குப் பதிலா மெஷின்ல காட்ட அட்டை குடுக்கணும், அப்புறம்தான் மூடணும்னு சேத்து எழுதியிருக்கேம்பா."

"சொந்த அப்பன் விரல்ல ஓட்டை இருக்குன்னு எழுதத்தான் இவளைப் படிக்க வெச்சோம்" என்றார் அமிர்தவள்ளி.

"உடு. பொய் எழுதிட்டு அவ மாட்டிக்கணுமா?" என்றார் காசிநாதன்.

அறிக்கை போன மறுநாள் பொது மேலாளர் நசீர் அகமது அவளை அழைத்தார். அங்கே நடந்த பேச்சைப் பின்னாளில் நான் இருவரிடமும் தனித்தனியே கேட்டேன். இருவரும் ஒன்றையே சொன்னார்கள்.

"இன்னாம்மா, அட்டை மெஷின் வர்றதுக்கே மூணு மாசம் ஆவுமாம். நீ கடுமைன்னு போட்டுட்டே."

"அதுவரைக்கும் ஏத்துக்கறோம்னு நீங்க கையெழுத்துப் போட்டா போதும் சார்."

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என் பேருதானே நிக்கும்? நீயே போடேன்."

"கணிக்கிறவங்களே ஏத்துக்கக் கூடாது சார்."

"அப்ப நடுத்தரம்னு மாத்து. ஆறு மாசம் டைம் கிடைக்கும். உங்க அப்பாவுக்கும் நல்லது."

அந்தக் கடைசி வார்த்தை வராமல் இருந்திருந்தால் மாற்றியிருப்பேனோ என்னவோ என்றாள் மேகலா. வந்தபின் மாற்றினால் அது அப்பாவுக்காக மாற்றியதாகிவிடும். முடியாது என்று சொல்லிவிட்டாள். நசீர் அகமது கோபப்படவில்லை. "நல்ல பொண்ணுதான். கொஞ்சம் கம்மியா நல்லவளா இருந்திருக்கலாம்" என்றார்.

அந்த மாத முடிவில் எண்ணை மூடினார்கள். அட்டை வரவில்லை. பதினான்கு பேரின் பழைய சர்வீஸை முடித்து, அவர்களை ஒப்பந்தக்காரர் ஆபித் பாஷாவின் ஆட்களாக மாற்றினார்கள். அதே தொட்டி, அதே வேலை. போகும் வழி மட்டும் பின்பக்கக் கேட். அங்கே இயந்திரம் இல்லை, பெயரை வாயால் சொன்னால் போதும்.

ஷேர் ஆட்டோவில் தந்தையும் மகளும் சேர்ந்தே போனார்கள். முன்வாசலில் அவள் இறங்குவாள். அவர் இன்னும் கொஞ்ச தூரம் போவார்.

இப்படிச் செய்ததில் புதிய ஆபத்து ஒன்று இருப்பதை மேகலா கண்டாள். விஷவாயு கசிந்தால், வெளியே வந்தவர்களை வருகைப் பதிவோடு ஒப்பிட்டுத்தான் உள்ளே யார் மாட்டிக்கொண்டார்கள் என்று தேடுவார்கள். பதினான்கு பேர் அந்தப் பதிவிலேயே இல்லை. இதற்கும் கடுமை என்று போட்டு அனுப்பினாள். அவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள், உன் ஆய்வின் எல்லைக்குள் வரமாட்டார்கள் என்று பதில் வந்தது.

வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து சோதனைக்கு வந்தவர், வாயு கசிந்தால் வெளியேறும் ஒத்திகையைப் பார்க்க விரும்பினார். சங்கு ஊதியது. அலுவலகத்தாரும் ஷூ பிரிவுப் பெண்களும் தோல் பிரிவின் மற்ற ஆட்களும் மைதானத்தில் வந்து நின்றார்கள். உள்ளே யாரும் பாக்கியில்லை என்று திரை காட்டியது. வந்தவர் தலையசைத்தார்.

"உள்ள இன்னும் பதினாலு பேர் இருக்காங்க சார்" என்றாள் மேகலா, நசீர் அகமதுவின் அருகே போய்.

"அது நம்ம கணக்கு இல்லம்மா" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

அவள் வந்தவரிடமே போய் ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒப்பந்த ஆட்களைப் பற்றித் தன்னிடம் கேள்வித்தாள் இல்லை என்றார்.

அன்று மாலை காசிநாதன் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"சங்கு கேட்டுச்சாப்பா?"

"கேட்டுச்சே. நாங்களும் கிளம்புனோம். அது உங்களுக்கு இல்ல, வேலையப் பாருங்கன்னு பாஷா சொல்லிட்டான்."

"இனிமே கேட்டா யார் சொன்னாலும் நிக்காம வெளிய வந்துடுங்கப்பா."

"வந்தா அன்னிக்குக் கூலி இல்லம்மா" என்றார் அவர்.