அம்மா கோயில்

மூன்றாவது அம்மன் கோயிலின் படிகளை இறங்கும்போது என் வலது முழங்கால் மடங்க மறுத்தது. காலையில் லோபாக்கில் என் வீட்டிலிருந்து காரை எடுத்தது. வெயில் சாய்ந்தும் வேலை முடியவில்லை.

பெர்த்திலிருந்து வந்திருந்த தோழியும் நானும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஒரே அறை. அவள் அப்பா இந்த மலையடித் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதிய கிராணி, யாழ்ப்பாணத்துக்காரர். கைக்குழந்தையாக இருந்த அவளுக்குக் காய்ச்சல் முற்றியபோது அவள் அம்மா ஏதோ கோயிலில் வேண்டிக்கொண்டார். அதைச் செலுத்துமுன் அப்பாவுக்கு மாற்றல். இப்போது பெர்த்தில் பக்கவாதத்தில் கிடக்கும் அம்மாவுக்கு மிஞ்சியவை சில சொற்கள்தான். தினமும் சொல்வது, "ஏரிக்குப் போற வழி. அம்மா கோயில்."

ஏரியையும் காட்டியாயிற்று. தண்ணீரில் மலை தலைகீழாகத் தெரிந்தது. அவள் படம்கூட எடுக்கவில்லை. ஒவ்வொரு கோயிலிலும் எண்ணெய் விளக்கு ஏற்றி, வீடியோவில் அம்மாவுக்குக் காட்டினாள். ஒவ்வொரு முறையும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உங்க ஊருல இன்னும் எத்தன அம்மன்டீ?"

"இருக்கு லா. என் முட்டிதான் இல்ல."

மூன்றாவது விளக்கையும் பார்த்துவிட்டு அம்மா கோணிய வாயால் சொன்னார்: "மெழுகுவத்தி."

"விளக்கத்தான் சொல்றாங்க. சொல்லு மாறிப்போச்சு," என்றாள் தோழி.

மாறவில்லை. என் வீட்டார் தோட்டத்துக் கத்தோலிக்கர்கள். வீட்டில் மாதா என்றுகூடச் சொல்வதில்லை, "அம்மாகிட்டப் போய்ட்டு வரேன்" என்போம். கிராணி வீட்டார் சைவர்கள் என்பதால், தோழியின் தாய் 'அம்மா' என்றதை அம்மன் என்று திருத்திக்கொண்டது நான்தான். ஏரிக்குப் போகும் வழியிலுள்ள மாதா கோயிலை அன்று இரண்டு முறை கடந்திருந்தோம்.

போய்ச் சேர்ந்தபோது கோயில் பூட்டியிருந்தது. வெளியே, கல்லடுக்கிக் குகைபோலக் கட்டிய கெபிக்குள் நீல முக்காட்டுடன் மாதா நின்றிருந்தார். பக்கத்தில் கடை இல்லை. மணல் தட்டில் யாரோ ஏற்றி, பாதியில் அணைந்த மெழுகுவத்தித் துண்டு ஒன்று மட்டும் கிடந்தது.

"இது அடுத்தவங்க வேண்டுதல்டீ," என்று தயங்கினாள்.

"அம்மா பிரிச்சு எடுத்துக்குவாங்க. ஏத்து."

காற்றில் மூன்று தீக்குச்சிகள் வீணாகின. நாலாவது பிடித்ததும் இரு கைகளாலும் சுடரைப் பொத்திக்கொண்டாள். போனை நான் பிடித்தேன். அம்மா இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. வெகுநேரம் பார்த்தார்.

"சின்னன்," என்றார்.

"பெரிசு கிடைக்கலம்மா."

வழக்கமான அந்தச் சொற்களுக்காக இருவரும் காத்திருந்தோம். அம்மா சொல்லவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. "இனிமேத்தான் ஆன்ட்டி," என்று நான் சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கெபியின் திண்டில் உட்கார்ந்தேன். துண்டு எரிந்து முடியும்வரை அவள் கையை எடுக்கவில்லை.