ஃபியூஸ் பெட்டியில் திருநீறு

என் மாமனார் காலையில் குளித்ததும் திருநீற்றைக் கை நிறைய அள்ளி நெற்றியிலும் தோளிலும் பூசிக்கொள்வார். அதற்கப்புறம் அவர் தொடுவதெல்லாம் வெள்ளைதான். பேப்பர், சுவிட்ச், தாழ்ப்பாள், எதை எடுத்தாலும் மூன்று விரல் தடம் இருக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நான். அந்த எரிச்சல் எனக்குள் இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீடு ஆசிரமத்துக்குப் பின்பக்கம், செங்கம் ரோட்டுக்குக் கிட்டே. மாடி அறைகளை ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். விட்டது என் கணவர். பெருக்கியதும் பெட்ஷீட் துவைத்ததும் நான். இந்த லட்சணத்தில்தான், என்றோ எழுதிப்போட்ட பரீட்சைக்குப் பலனாக, போளூர் தாண்டி ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர் வேலைக்கு ஆர்டர் வந்தது. சேரக் கடைசி நாள் முற்பகலுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் வேலை அடுத்தவருக்கு.

ஏதேதோ காரணத்தில் ஒவ்வொரு நாளாகத் தட்டிப்போய், அந்தக் கடைசி நாளும் வந்தது. அன்றைக்குப் பார்த்துப் பௌர்ணமி, மலையைச் சுற்றுகிற கிரிவலக் கூட்டம். பௌர்ணமி என்றால் எங்கள் ஊரில் பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும், ஆட்டோ கிடைக்காது, நேரம் ஆக ஆகத் தெருத்தெருவாகத் தடுப்பு வைத்துவிடுவார்கள். எனக்கு இருந்த ஒரே வழி, என் அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்த பழைய கார். அப்பா வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்த்தவர். "ஒயர்காரன் வூட்டுப் பொண்ணு" என்று மாமனார் என் காது படவே சொந்தக்காரர்களிடம் சொல்லியிருக்கிறார்.

ஏழு மணிக்குச் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் நன்றாகச் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. மாடியிலிருந்து பல் தேய்த்துக்கொண்டே என் கணவர் எட்டிப் பார்த்தார்.

"பேட்டரி போயிருக்கும். விட்டுட்டு வா. இன்னைக்குப் போவணும்னு இல்ல போல."

பேட்டரி போயிருந்தால் அப்படிச் சுற்றாது. ஒயர்காரன் பெண்ணுக்கு அதுகூடத் தெரியாதா? பின்சீட்டில் காதை வைத்து, பக்கத்து வீட்டு அக்காவைச் சாவி போடச் சொன்னேன். பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி முனக வேண்டும். சத்தமே இல்லை. கரண்ட் வந்தால் எரிகிற அப்பாவின் டெஸ்ட் லாம்ப்பை எடுத்துப் பம்ப்புக்குப் போகும் ஒயரில் குத்தினேன். எரியவில்லை. பானட்டைத் திறந்து, பம்ப்புக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் ரிலேயைக் கழற்றிவிட்டு ஹாரன் ரிலேயை அங்கே மாற்றிப் பார்த்தேன். அப்போதும் இல்லை. மிச்சம் இருந்தது ஃபியூஸ்தான்.

ஃபியூஸ் பெட்டியின் கறுப்பு மூடியில் மூன்று விரல் திருநீறு. திறந்தேன். பம்ப் ஃபியூஸ் எரிந்துபோகவில்லை. அந்த இடமே காலியாக இருந்தது.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் முன்னால் போய் நின்றேன்.

"எங்க மாமா ஃபியூஸு?"

அவர் மாடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நெத்தி நிறைய பூசிக்கினு திருட்டு வேலை பண்றீங்களே, வெக்கமா இல்ல? அத்தை உங்களாலதான் சீக்கிரமா போய்ச் சேந்தாங்க. ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோங்க. சாவும்போதுகூட ஒரு வாய்த் தண்ணி என் கையால உங்களுக்குக் கெடைக்காது."

பக்கத்து வீட்டு அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். வேண்டுமென்றேதான் சத்தமாகச் சொன்னேன். மாமனார் பேப்பரை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன்.

ஹாரனின் ஃபியூஸைப் பிடுங்கிப் பம்ப்புக்குப் போட்டேன். வண்டி பிடித்துக்கொண்டது. பௌர்ணமிக் கூட்டத்துக்குள் ஹாரன் இல்லாமல், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி "நவுருங்க, நவுருங்க" என்று கத்திக்கொண்டே ஊர் எல்லையில் இருக்கும் வேங்கிக்கால் வரை போனேன். பதினொன்றரைக்குக் கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் திரும்பி வந்து துணி ஊற வைக்கும்போது என் கணவரின் பேன்ட் பாக்கெட்டில் ஏதோ விரலில் தட்டுப்பட்டது. நீல நிற ஃபியூஸ்.

கேட்டேன். அவர் போனிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"நீ போயிட்டா மேல்ரூமெல்லாம் யாரு பாக்கறது? நான் எடுத்தத அப்பா பாத்துட்டாரு. காலைல என்னைக் கூட்டிக்கினு போயி, பெட்டியத் தொறந்து காட்டி, 'போடுடா, அந்தப் பொண்ணு கஷ்டப்பட்டுப் படிச்சுது'னு ஒரே திட்டு. அப்பறம் போடலாம்னு உட்டுட்டேன்."

ஒரு ரிலேயைக்கூட மாற்றிப் பார்க்காமல் குற்றம் சொல்லாதவள் நான். மாமனாரை அப்படிச் சோதித்துப் பார்க்கவில்லை.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என்னவென்று ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில், மகனைக் காட்டிக்கொடுக்காமல் அத்தனை பேச்சையும் வாங்கிக்கொண்டாரே என்று அவர் மேல் கோபமாகக்கூட இருந்தது.

அன்றிலிருந்து அவர் தன் டம்ளரைத் தானே கழுவி, குடத்தில் தானே மொண்டு குடிக்கிறார். சோறு மட்டும் நான் மூடி வைத்துவிட்டுப் போனபிறகு வந்து போட்டுக்கொள்வார். போன மாசம் அவருக்குக் கடுமையான காய்ச்சல். எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் போனேன். மாத்திரையும் நானே கொண்டுவந்ததுதான். அவர் கண்ணைத் திறந்து செம்பைப் பார்த்தார்.

"வேணாம்மா," என்றார். குரலில் கோபமே இல்லை. "நீ ஒரு வார்த்த சொல்லிட்ட. அது அப்படியே இருக்கட்டும்."

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, குடம் வரைக்கும் போனார். நான் செம்போடு நின்றிருந்தேன். என் கணவர் அப்போது அடுத்த அறையில் நான் வைத்துக் கொடுத்த ரசத்தைக் குடித்துக்கொண்டிருந்தார்.