அறுபதில் ஒரு நகப்பூச்சுக் கோடு

என் சமையலறையில் கரண்டிகளோடு ஒரு தெர்மாமீட்டரும் தொங்குகிறது. காய்ச்சல் பார்ப்பதல்ல, ஆய்வகங்களில் இருக்குமே, உள்ளே சிவப்புத் திரவம் ஏறி இறங்கும் நீளக் கண்ணாடிக் குழாய், அது. அறுபது டிகிரிக்கு நேராக ஊதா நகப்பூச்சில் ஒரு கோடு இழுத்திருக்கிறது. யாராவது கேட்டால், ஃபோர்மேன் போட்ட கோடு என்பேன். நகப்பூச்சு அவர் மனைவியுடையது. போட்ட கை முப்பது வருடம் பாய்லரோடு மல்லுக்கட்டிய கை என்பதால் கோடு கொஞ்சம் கோணல்.

நெய்வேலி அனல்மின் நிலையத்தில் தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் நான் கெமிஸ்டாக இருந்தேன். அவர் பாய்லர் ஃபோர்மேன். குவார்ட்டர்ஸிலும் எனக்குப் பக்கத்து வீடு. தயிர் உறையவில்லை என்றாலும், துணியில் கறை போகவில்லை என்றாலும், அவரிடம் ஒரே வைத்தியம்தான். "சூட்ட ஏத்துனா எல்லாம் தானா ஓடும், கெமிஸ்டம்மா" என்பார். இந்த ஒரு வரியைச் சொல்ல அவருக்கு அரைமணி நேரம் வேண்டும். ஷிப்ட் பஸ்ஸில் அவர் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாக இருந்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

அந்த வாயை ஒரு பலாப்பழம் மூடியது. மனைவியின் ஊரான காடாம்புலியூரிலிருந்து ஸ்கூட்டரில் காலடியில் பழத்தை வைத்துக்கொண்டு வந்தவர், ஒரு வளைவில் சறுக்கி விழுந்து தாடையை உடைத்துக்கொண்டார். பழத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. மேல்வரிசைப் பல்லையும் கீழ்வரிசைப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டு, ஆறு வாரத்துக்கு ஸ்ட்ராவில்தான் சாப்பாடு என்று சொல்லிவிட்டார் டாக்டர். எல்லோரும் வருத்தப்பட்டோம். பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கவும் செய்தோம்.

ஆனால் பத்து நாளில் சிரிப்பு நின்றுவிட்டது. கெட்டிக் கஞ்சி ஸ்ட்ராவில் ஏறவில்லை. தண்ணீர் விட்டுக் கரைத்தால் வயிறுதான் நிரம்பியது, உடம்பில் எதுவும் ஒட்டவில்லை. இன்னும் எடை குறைந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியதுதான் என்றார் டாக்டர். வாழ்நாளெல்லாம் குழாய்களோடு புழங்கிய மனிதர், தனக்கு ஒன்று என்றதும் நடுங்கிப்போனார். முளைகட்டிய கேழ்வரகு மாவு ஒரு ஸ்பூன் கலந்தால் கெட்டிக் கஞ்சி தானாக நீர்த்துவிடும், சத்தும் குறையாது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் சொன்னார். ஃபோர்மேனின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், மந்தாரக்குப்பம் மில்லில் அரைத்து வந்து, கொதிக்கிற கஞ்சியில் கலந்தார். கஞ்சி இளகுகிற வழியாக இல்லை. ஃபோர்மேன் சிலேட்டில் எழுதினார்: "இன்னும் கொதிக்கணும்." மறுநாளும் அதையே எழுதினார். அதற்கும் மறுநாள், மாவில் கலப்படம் என்று மில்காரரிடம் சண்டைக்குப் போனது நான்தான். பெயர் மட்டும் கெமிஸ்ட்.

ஒரு சாயங்காலம் அக்கா சட்டியும் கையுமாக ஓடிவந்தார். "தங்கச்சி போன் பண்ணிச்சுன்னு பேசிக்கினே நின்னுட்டேன். கஞ்சி பாதி ஆறிப்போச்சு. அப்பறம்தான் மாவப் போட்டேன். கலக்கக் கலக்கத் தண்ணியா பூடுச்சு, கெமிஸ்டம்மா. கெட்டுப்போச்சுங்களா?"

கல்லூரியில் படித்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது. முளைத்த தானியத்தில் அமைலேஸ் என்றொரு நொதி உண்டு. மாவுச்சத்தின் நீளமான சங்கிலிகளை அது துண்டு துண்டாக வெட்டுவதால்தான் கஞ்சி இளகுகிறது. குளிரில் அது சோம்பேறி. சூடு ஏற ஏற வேகம் பிடிக்கும். அதுவரைக்கும் ஃபோர்மேன் சொல்வது சரி. ஓர் எல்லையைத் தாண்டினால் அதன் உருவமே குலைந்துவிடும். நாங்கள் வேலைக்காரனைக் கொதிக்கிற சட்டியில் தள்ளிவிட்டு, வேலை நடக்கவில்லையே என்று மில்காரரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஃபோர்மேன் லேசில் விடவில்லை. "ஆறினா திரும்ப வேலை செய்யாதா?" என்று எழுதிக் காட்டினார்.

"அவிச்ச முட்டை ஆறினா பச்சை முட்டை ஆயிடுமா, ஃபோர்மேன்?"

எழுதியதைத் துண்டால் மெல்லத் துடைத்து அழித்தார். எனக்கே பாவமாகிவிட்டது. நீர்த்த பிறகு ஒரு கொதி விட்டுக்கொள்ளலாம் என்று சமாதானம் சொன்னேன். மறுநாள் கடையில் இந்தத் தெர்மாமீட்டரை வாங்கிக் கொடுத்தேன். பாய்லருக்கு எழுதுவதுபோலவே கஞ்சிக்கும் ஒரு லாக் புத்தகம் போட்டார். ஆறி அவலாய்ப்போன கஞ்சியில் மாவு நெடுநேரம் தூங்கியது. அறுபதில் ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் வேலையை முடித்தது. அங்கேதான் கோடு விழுந்தது. எடை ஏறியது, இனி மூக்குக்குக் குழாய் வேண்டாம் என்றார் டாக்டர். அன்றைக்கு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

கம்பி பிரித்த அன்று, முதலில் என்ன பேசப்போகிறார் என்று கேட்க ஷிப்டே அவர் வீட்டில் கூடியிருந்தது. அக்கா ஆவி பறக்க டீ கொண்டுவந்து நீட்டினார். ஃபோர்மேன் டம்ளரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார்.

"ஆறட்டும்."

அதற்கு விளக்கமாக அடுத்த இரண்டு மணி நேரம் பேசினார்.

ஓய்வுபெற்று மகன் வீட்டுக்குக் கிளம்பும்போது தெர்மாமீட்டரை என்னிடம் திருப்பித் தந்துவிட்டுப் போனார். போன வாரம் எனக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். கன்னம் வீங்கி, வாயைத் திறக்க முடியவில்லை. கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க இறக்கி வைத்த நேரம் பார்த்து அவர் போன் வந்தது. விஷயம் எப்படியோ தெரிந்திருக்கிறது. ஏன் ஆற வேண்டும், எவ்வளவு ஆற வேண்டும், ஆறாமல் மாவைப் போட்டால் என்ன ஆகும் என்று எனக்கே பாடம் எடுத்தார். நான் "ம்" கொட்டிக்கொண்டிருந்தேன். ஒருவழியாக "வச்சிடட்டுங்களா, கெமிஸ்டம்மா?" என்று அவர் முடித்ததும், தெர்மாமீட்டரை எடுத்துக் கஞ்சிக்குள் விட்டேன். சிவப்புத் திரவம் நிதானமாக ஏறி, அந்தக் கோணல் கோட்டில் வந்து நின்றது.